வெள்ளம் என்று எழுதினேன்

1

இந்த மாதத்தோடு நான் திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகின்றன. தென்காசியில் இருக்கிற என் தம்பிக்கு நான் இதைக் கணக்கு வைத்திருப்பதே வேடிக்கை. "நீ என்ன துபாய்க்கா போயிருக்கே? காலையில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்" என்பான். உண்மைதான். நான் கடல் தாண்டவில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஒரு மலையில் ஏறி இறங்கினேன், அவ்வளவுதான். ஆனால் இறங்கிய இடத்தில் கடைப் பலகைகளில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை.

வந்த புதிதில் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனோம். படிவம் மலையாளத்தில் இருந்ததால் என் கணவர்தான் நிரப்பினார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலாளர். கையெழுத்துப் போடும் இடத்தை அவர் விரலால் காட்டியதைப் பார்த்த அலுவலர், எனக்கு எழுத வராது போலிருக்கிறது என்று நினைத்து, கைநாட்டுக்கான மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். அதுவரை ஆறு ஆண்டுகள் நான் பத்திரிகையில் வேலை பார்த்திருந்தேன். பேனாவை வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தமிழாணல்லே" என்றார், தமிழ்தானே என்று.

ஊரில் இருந்து இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு இங்கத்து மழையையும் மீனையும் பற்றித்தான் வழக்கமாக எழுதுவேன். இந்த முறை நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது.

2

திருமணத்துக்கு முன்பு திருநெல்வேலியில் ஒரு மாலை நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். சின்னப் பத்திரிகை. இப்போது இல்லை. ஜங்ஷனில் ஒரு லாட்ஜின் மாடியில் அலுவலகம். காலை ஏழரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்குள் பக்கங்களை முடித்தாக வேண்டும். எனக்கு எதிரே ஜோதி. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி, ஒரே மின்விசிறி.

ஜோதிக்கு "பலர்" என்ற சொல் ஆகாது. கடையத்திலிருந்து நிருபர் கூப்பிட்டு, பஸ் கவிழ்ந்து பலர் காயம் என்றால், "பலர்னா எத்தனை பேர்? எண்ணினீங்களா?" என்று கேட்பாள். அந்த மனிதர் சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில்களை எண்ணிவிட்டுத் திரும்பக் கூப்பிடும்வரை அந்தச் செய்திக்கான இடம் காலியாகவே கிடக்கும். அப்படியும் பிழை வந்துவிடும். அப்போது மறுநாள் அதே பக்கத்தில், அதே இடத்தில், பெட்டி கட்டி இரண்டு வரி "திருத்தம்" போடுவோம். திருத்தம் எழுதிய நாளில் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

இப்போது அந்தத் திருத்தங்கள்கூட எனக்கு இனிமையாகத்தான் நினைவுக்கு வருகின்றன. அச்சு இயந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் வரும் முதல் பிரதி, பெருவிரலில் ஒட்டும் மை, ஜோதியின் டப்பாவில் வாடை தூக்கும் பூண்டு ஊறுகாய். வேலை முடிந்து ரயில் நிலையத்துக்குள் சும்மா ஒரு நடை போவோம். பெஞ்சில் யாராவது எங்கள் பத்திரிகையை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். நான் போட்ட கால்புள்ளியில் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன்.

3

இங்கே நான் ஓர் அச்சகத்தில் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். மெர்லினைச் சந்தித்தது ஒரு மருத்துவமனையில். அவள் அங்கே நர்ஸ். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு நாள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஏதோ ஒரு கஷாயம் குடித்தால் போதும் என்று தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதை நம்பி ஊசியை நிறுத்திய ஓட்டல் தொழிலாளி ஒருவர் மயங்கிய நிலையில் அன்று காலை அவளுடைய வார்டுக்கு வந்திருந்தார்.

"இவ்வளவு நல்ல தமிழ்ல பொய்யை எழுதுதது யாராக்கும் அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் வகுப்பு தொடங்கியது. கட்டடம், ஓட்டல், கடை என்று வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்களுக்கு, கைப்பேசியில் வருவதை எப்படிப் படிப்பது, எதை நம்புவது, எதைத் தாண்டிப் போவது என்று சொல்லித்தருவது. அவள் உடம்பு சம்பந்தமான பொய்களைப் பார்த்துக்கொள்வாள், நான் மற்றவற்றை.

இடம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்தோம். "மாத்யம சாக்ஷரதை" என்று மலையாளத்தில் எழுதியிருந்தேன், ஊடக எழுத்தறிவு என்று அர்த்தம். அங்கிருந்தவர் முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். முதியோர் எழுத்தறிவுக்கு வேறு பிரிவு என்று அனுப்பினார். அங்கே போனால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பட்டியலைக் கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்குப் படிக்கத் தெரியும் என்றேன். அப்புறம் எதற்கு எழுத்தறிவு என்று நியாயமாகவே கேட்டார்கள். மூன்று முறை நடந்தபின் விட்டுவிட்டோம். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராஜபாளையத்துக்காரர் ஒருவர் தன் மாடியை ஞாயிறு மதியங்களில் தந்தார். பக்கத்துக் கணபதி கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஆட்களும் அறிவிப்பில் எழுத்தறிவு என்பதைப் பார்த்து முறைத்துக்கொண்டார்கள். முதல் ஞாயிறு வந்த ஐயாத்துரை வாசலிலேயே நின்று, "நான் பத்தாங்கிளாஸ் பாஸ், டீச்சர்" என்றான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். சென்டரிங் வேலை, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிறவன். அன்று உள்ளே வந்து உட்கார்ந்தவன் பிறகு ஒரு வாரம்கூட தவறவில்லை. ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது, எங்கே நடந்தது, எப்போது என்று கேட்கச் சொல்லித்தந்தோம். அனுப்பியவர் நமக்குத் தெரிந்தவரா, பொறுப்பானவரா என்று பார்க்கவும் சொன்னோம். இந்தக் கடைசிப் பாடம் என்னுடையது. வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்தோம். முகாம்கள், மின்வெட்டு, பஸ் மாற்றம் என்று பயனுள்ள செய்திகளை அதில் நான் போடுவேன்.

4

என் மகள் யாழினி பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் காதில் விழுந்த மொழி, கையால் எழுதிய மொழி அல்ல. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அம்மா, எனிக்கு லேட் ஆயி" என்று ஓடுவாள். சின்ன வயதில் ஒவ்வொரு சொல்லையும் திருத்தினேன். பின்பு அவள் எனக்கு முன்னால் வாயைத் திறப்பதே குறைந்துபோனதால் நிறுத்திக்கொண்டேன். அவள்தான் நழுவிப் போகிறாள் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். நானும் நழுவிக்கொண்டிருந்தேன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த ஆண்டு மழையில் நான்கு நாள் விடாமல் கொட்டியது. அதே சமயம் பெரிய குழாய் ஒன்று உடைந்து, எங்கள் பகுதியில் இரண்டு நாளாகக் குடிநீரும் இல்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, குடியிருப்போர் சங்கத்துக் குழுவில் மலையாளத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. மாலை நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் திறந்துவிடுவார்கள், பாத்திரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று. கரமனை ஆற்றங்கரை ஷெட்டுகளில் இருக்கும் எங்கள் வகுப்புக்காரர்களுக்கும் அதே குழாய்தான். ஒரு கையில் யாழினியின் சாப்பாட்டு டப்பா, மறு கையில் கைப்பேசி. அடித்து அனுப்பினேன்:

"இன்று மாலை நான்கு மணிக்கு வெள்ளம் திறந்து விடுவார்கள். எல்லோரும் தயாராக இருக்கவும். மற்றவர்களுக்கும் சொல்லவும்."

கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டரைக்கு மெர்லின் கூப்பிட்டாள். "அக்கா, அணையத் தொறக்கப் போறாங்கன்னு ஒரு மெசேஜ் சுத்துது. கூட ஒரு ஃபோட்டோ. அது பொய்யாக்கும், வேற எங்கேயோ உள்ள அணை, நான் பார்த்துட்டேன். ஆனா கீழ எழுதியிருக்கது உங்க எழுத்து மாதிரி இருக்கு."

திறந்து பார்த்தேன். என் வாக்கியம்தான். எழுத்துக்கு எழுத்து அதேதான். மூன்று முறை வாசித்தேன், அதில் என்ன தப்பு என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நான்காவது முறை, தென்காசியில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவளாக அதை வாசித்தேன். வெள்ளம் என்ற சொல்லில் கண் நின்றது.

இந்த ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். நான் வந்த முதல் நாள் வீட்டுக்காரம்மா "வெள்ளம் வேணோ?" என்று கேட்டபோது பதறி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ வருடம் சிரித்திருக்கிறோம். பிறகு எப்போது நானே "குடிக்க வெள்ளம் எடு" என்று சொல்லத் தொடங்கினேன்? தெரியவில்லை. எந்த நாளில் அந்தச் சொல் என் தமிழுக்குள் வந்து உட்கார்ந்ததென்று எனக்குத் தெரியவே இல்லை.

5

ஐயாத்துரை என் செய்தியை வேலை நடக்கும் இடத்தில் பார்த்திருக்கிறான். இங்கே பேச்சில் வெள்ளம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டீச்சர் எப்போதும் சுத்தமான தமிழ் எழுதுகிறவள். வெளியே மழை. ஷெட்டுக்குப் பின்னால் ஆறு செம்மண் நிறத்தில் படிவரை வந்து நின்றது. ஊருக்கு அதை அனுப்பினான். ஊரில் யாரோ ஓர் அணைப் படத்தைச் சேர்த்தார்கள். அரை மணி நேரத்தில் அது படத்தோடு திரும்பி வந்தது. ஆற்றங்கரை ஷெட்டுகள் காலியாயின. பெரும்பாலானவர்கள் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் போய் ஊர் பஸ்களில் ஏறிவிட்டார்கள்.

ஐயாத்துரையின் மனைவி பேச்சிக்கு அப்போது எட்டாவது மாதம். அவளுக்கு அம்மா இல்லை. அக்கா ஒருத்திதான், மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறாள். பிரசவத்துக்கு அக்கா இறங்கி வந்து உதவுவதாக ஏற்பாடு, அதற்காகவே பேச்சி மூன்று வாரத்துக்கு முன் இங்கே வந்திருந்தாள். வெள்ளம் வந்தால் மேட்டுக்குத்தானே போகவேண்டும்? ஐயாத்துரை ஒரு ஜீப்பைப் பிடித்து, அவளை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டான்.

நான் குழுவில் திருத்தம் போட்டேன். எண் எண்ணாகக் கூப்பிட்டேன். அவன் எண் மட்டும் கிடைக்கவில்லை. மலையடிவாரத்து விதுரையைத் தாண்டினால் காட்டுப் பாதை, சிக்னல் கிடையாது. மூன்று மணி வாக்கில் அவனே வேறொருவரின் கைப்பேசியிலிருந்து அழைத்தான். தோட்டத்துக்குப் போகும் உடைந்த பாதையில் ஜீப் ஆடிய ஆட்டத்தில் பேச்சிக்கு வலி கண்டுவிட்டது. டிரைவர் வண்டியைத் திருப்பி விதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அங்கிருந்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். மெர்லின் நெடுமங்காடுவரை போய் வழியில் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். நான் நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றேன்.

அப்போது யாழினியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அம்மா, வெள்ளம் வந்நு. எல்லாம் நெறச்சு." எல்லாப் பாத்திரங்களையும் நிரப்பிவிட்டாளாம். மணி நான்கு.

அந்தியில் பெண் குழந்தை பிறந்தது. பேச்சி தப்பித்தாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெளியே வந்த மெர்லின், "குழப்பமில்ல அக்கா, வெயிட் கொறவு, அவ்வளவுதான்" என்றாள். ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் ஐயாத்துரை நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் என்று எழுதவேண்டிய இடத்தில் வெள்ளம் என்று எழுதியது நான், தப்பு முழுவதும் என்னுடையது என்றேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அது நீங்க போட்டதுல்லா, டீச்சர்" என்றான். "வேற யாரு போட்டிருந்தாலும் நின்னு யோசிச்சிருப்பேன்."

6

குழந்தை பத்தொன்பது நாள் அந்தப் பெட்டியில் இருந்தாள். அந்த நாட்களில் வகுப்பு நடத்தவில்லை. இனி நடத்தப் போவதில்லை என்று மெர்லினிடம் சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட விரலை வைத்தேன்.

ஒரு மதியம் ஜோதியைக் கூப்பிட்டேன். அவள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள், பேசி இரண்டு வருடம் இருக்கும். மின்விசிறிச் சத்தத்தினூடே அவள் குரல் வந்ததும் ஜங்ஷன் மாடியில் உட்கார்ந்திருப்பதுபோல ஆயிற்று. அழுதுவிட்டேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, ஆறுதல் எதுவும் சொல்லாமல், "திருத்தம் போட்டியா?" என்றாள்.

"உடனே போட்டேன்."

"முத செய்தியப் படிச்சவங்க எல்லாரும் அதப் படிச்சாங்களா?"

பத்திரிகையில் இன்று பிழையைப் படித்தவர் நாளை அதே பக்கத்தைப் புரட்டுவார், திருத்தம் அவர் கண்ணில் படும். கைப்பேசியில் பிழை ஊர் ஊராகப் போய்விடுகிறது, திருத்தம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். திரும்பி வந்திருந்தவர்களை ஷெட் ஷெட்டாகப் பார்த்துச் சொன்னேன். வராதவர்களின் எண்களை அவர்களிடமே வாங்கி ஊருக்கு அழைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. சிலர் சிரித்தார்கள். ஒருவர், அடித்துப் பிடித்து ஊருக்கு வந்ததில் அப்பாவின் கடைசி இரண்டு நாள் கூட இருக்க முடிந்தது என்றார். ஒரு பெண், "படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

7

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரக்கடை மாடியைத் திறந்தோம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவில்லை. பதினாறு பேர் வந்தார்கள். யாழினி தானாகவே என்னோடு கிளம்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என் செய்தியைப் பலகையில் அப்படியே எழுதி, இதில் என்னென்ன பிழை என்று கேட்டேன்.

எல்லோரும் பலகையையே பார்த்தார்கள். மரியாதை. கோயிலில் ஒரு தேங்காய் உடைந்தது, இன்னொன்று உடைந்தது. கடைசியில் ஐயாத்துரை எழுந்தான்.

"யாரு தொறந்து விடுதாங்கன்னு இல்ல. எங்க தொறந்து விடுதாங்கன்னு இல்ல. உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னும் இல்ல, டீச்சர்."

அவன் தொடங்கியதும் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. மற்றவர்களுக்கும் சொல்லவும் என்பது எப்போதும் பொய்ச் செய்திகளின் கடைசியில்தான் வரும் என்று ஓட்டலில் வேலை செய்யும் ஒருவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அனுப்பியவர் யார் என்று மட்டும் பார்த்தால் போதாது, அனுப்பியவருக்கு அது எப்படித் தெரியும் என்றும் கேட்கவேண்டும் என்று என் பழைய பாடத்தைத் திருத்தினேன். என்னிடமும் கேளுங்கள் என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் யாழினி, "அம்மா, தமிழ்ல ஒரே வாக்குக்கு அர்த்தம் மாறும்னு நீ எனிக்குப் பறஞ்சதே இல்லையே" என்றாள். வாக்கு என்றால் அவளுக்குச் சொல், பறஞ்சது என்றால் சொன்னது. அன்று முதல் அவள் என்னிடம் வாரம் ஒரு பக்கம் தமிழ் படிக்கிறாள். எவ்வளவு நாள் நீடிக்கும் என்று தெரியவில்லை.

போன வாரம் மெர்லின் ஒரு தகவல் சொன்னாள். ஆற்றங்கரைக் குழந்தைகளுக்குச் செவ்வாய்க்கிழமை தடுப்பூசி முகாம். குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் கைப்பேசி அடித்தது. பேச்சி. என்னோடு அவள் அதிகம் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில்கூட என்னைப் பார்த்தால் குழந்தை இருந்த பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"டீச்சர், செவ்வாக்கிழமைன்னு போட்டிருக்கீங்க. நீங்க பார்த்தீங்களா, யாரும் சொன்னாங்களா?"

சொன்னார்கள் என்றேன்.

"அப்ப பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

குடையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். அறிவிப்புப் பலகையில் மழைச்சாரல் பட்டு ஊறிய மலையாளத் தாளை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். புதன்கிழமை என்று இருந்தது. உள்ளே போய்க் கேட்டேன், புதன்தான். மெர்லினுக்குச் சொன்னவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார். அங்கே நின்றபடியே குழுவில் திருத்தம் போட்டுவிட்டு, பேச்சியைக் கூப்பிட்டு, புதன்கிழமை காலை பத்து மணி, என் கண்ணால் வாசித்தேன், கேட்டும் விட்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நல்ல கனத்த அழுகை.

"சரி டீச்சர்" என்றாள். "புதன்கிழமை பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்."